இணையப் பயிற்சிக்கு எந்தக் கற்றல் கோட்பாடு? ஒரு ஜிஎஸ்டி வகுப்பை முன்வைத்து ஓர் ஒப்பீடு

இணையவழிப் பயிற்சி தயாரிக்க உட்காரும் குழுக்கள் பெரும்பாலும் வீடியோவா, பிடிஎஃப்பா, ஜூம் வகுப்பா என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படிக்க வருபவர் வேலையில் என்ன தவறு செய்கிறார், அது எதனால் வருகிறது? சில தவறுகள் மறதியால் வருகின்றன. சில, ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களை மனதில் பிடித்துவைக்க முடியாமல் வருகின்றன. விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு முழு நம்பிக்கையோடு செய்யும் தவறுகளும் உண்டு. போன மாதம் மாறிய விதி காதுக்கு எட்டாமல் செய்யும் தவறுகளும் உண்டு. கற்றல் கோட்பாடுகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒரு வகைக்குத்தான் நன்றாகக் கைகொடுக்கும். மற்ற வகைக்கு அதையே போட்டால் நேரமும் பணமும் போகும், தவறு அப்படியே இருக்கும்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கோட்பாடும் நல்லதாகவே தெரியும். எனவே ஒரே பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சிறு நிறுவனங்களில் பில் போடுபவர்கள், கணக்கு எழுதுபவர்கள் என 200 பேருக்கு ஆறு வார ஜிஎஸ்டி பயிற்சி. பெரும்பாலும் பி.காம் அல்லது பிளஸ் டூ காமர்ஸ் படித்தவர்கள், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும், படிப்பது செல்போனில், கடை மூடிய பிறகு. இதற்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

நடத்தையியல்: செய்ய வை, உடனே சரி தவறு சொல்

1950களில் பி.எஃப். ஸ்கின்னர் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, ஒவ்வொரு படியிலும் மாணவர் பதில் தருவது, சரியா தவறா என்று அந்தக் கணமே தெரிந்துகொள்வது, அவரவர் வேகத்தில் போவது. இன்றைய ஆன்லைன் குவிஸ் இதன் நேர் வாரிசு. பழைய கோட்பாடு என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் பலர். அது சரியில்லை. யோசிக்காமல் கை போக வேண்டிய வேலைகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

நம் பயிற்சியில் அப்படிப்பட்ட வேலை எது? ஜிஎஸ்டி எண்ணைப் படிப்பது. 15 எழுத்துகளில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. சரக்கு வாங்குபவரின் இடத்துக்கே போகும் சாதாரண விற்பனையில், இரு தரப்பின் குறியீட்டையும் பார்த்தவுடன் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியா (ஒரே மாநிலத்துக்குள் விற்றால், மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும் வரி), ஐஜிஎஸ்டியா (வேறு மாநிலத்துக்கு விற்றால், பிரிக்காமல் ஒரே வரி) என்பது கைக்கு வந்துவிட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி அரை மணி நேரம்தான். ஆனால் அங்கே போகும் பில்லுக்கு ஐஜிஎஸ்டி. பக்கத்து ஊர் என்ற பழக்கத்தில் இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி எழுதும் விதத்தில்தான் இந்த வழி பிழைப்பதும் சாவதும். 40,000 ரூபாய்ச் சரக்கு, 18 சதவீத வரி, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு. மூன்று விடைகள் போதும்: ஐஜிஎஸ்டி 7,200, சிஜிஎஸ்டி 3,600 உடன் எஸ்ஜிஎஸ்டி 3,600, ஐஜிஎஸ்டி 3,600. தவறான விடை இரண்டுமே நிஜமாக நடக்கும் தவறுகள். ஒன்று மாநிலத்தை மறந்தவர் போடுவது, இன்னொன்று பழக்கத்தில் பாதியாக்கியவர் போடுவது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பின்னூட்டம் எழுத முடியும். நான்காவது விடை வேண்டும் என்பதற்காக யாரும் தேர்ந்தெடுக்காத ஒன்றைச் சேர்ப்பதில் பயனில்லை. மூன்று விடைகளே போதும் என்பதைப் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த ரோட்ரிகஸின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையும் சொல்கிறது.

அளவு: 60 கேள்விகள் கொண்ட வங்கி, ஒரு முயற்சிக்குப் பத்து, வரிசை மாறி வர வேண்டும். இரண்டு வெவ்வேறு நாட்களில் பத்துக்கு ஒன்பது எடுத்தால் தேர்ச்சி. மூடுல் என்ற இணையக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பல முயற்சி அனுமதிக்கும் முறையில் தண்டப் புள்ளியைக் கவனியுங்கள். தானாக இருப்பது மூன்றில் ஒரு பங்கு. பயிற்சிக் குவிஸில் அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். மதிப்பெண் போகும் என்று பயந்தால் விடை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கப்படும், பயிற்சி நடக்காது.

இந்த வழி தோற்கும் இடம் தெளிவானது. கேள்வியின் உருவம் மனப்பாடமாகிவிடும். எண்களை மாற்றித் தரும் கால்குலேட்டட் வகைக் கேள்விகள் ஓரளவு உதவும். ஆனால் சூழலே மாறினால் குவிஸில் நூறு எடுத்தவரும் தடுமாறுவார். அதற்கு இந்தக் கோட்பாட்டிடம் மருந்து இல்லை.

அறிதிறன் கோட்பாடு: மனதின் சுமையைக் குறை

ஒரு கணத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடிய புதிய விஷயங்கள் மிகக் குறைவு. 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழை ஒட்டிய எண்ணைச் சொன்னார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்கு என்று இறக்கினார். இந்த எல்லையை அடிப்படையாக வைத்து ஜான் ஸ்வெல்லர் 1988இல் அறிதிறன் சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். பாடத்தின் இயல்பான கடினம் ஒரு பக்கம். மோசமான வடிவமைப்பு ஏற்றும் சுமை இன்னொரு பக்கம். முதலாவதைப் பிரித்துத் தரலாம், இரண்டாவதை நீக்கியே ஆக வேண்டும்.

மாதாந்திர வேலையில் இதற்குப் பொருத்தமானது ஜிஎஸ்டிஆர்-2பியையும் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களிலிருந்து போர்ட்டல் தரும் பட்டியல்) நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் (கொள்முதல் பதிவேடு) ஒப்பிட்டு இன்புட் கிரெடிட் எடுப்பது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. மாதம் 14ஆம் தேதி 2பி வரும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரித் தாக்கல் படிவத்தைப் போட வேண்டும். இடைப்பட்ட ஆறு நாளில் ஐந்து படிகள்: 2பியைத் தரவிறக்குவது, சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை நான்கையும் வைத்துப் பொருத்துவது, பொருந்தாததை மூன்று குவியலாகப் பிரிப்பது (2பியில் மட்டும் இருப்பவை, கணக்கில் மட்டும் இருப்பவை, தொகை மாறுபடுபவை), சட்டப்படி எடுக்கக் கூடாத கிரெடிட்டை விலக்குவது, 3பியின் 4ஆம் அட்டவணையை நிரப்புவது.

அனுபவமுள்ளவருக்கு இது பழக்கம். புதியவருக்கோ எக்ஸெல், டாலி, ஜிஎஸ்டி போர்ட்டல் மூன்றும் திறந்திருக்க, சப்ளையர் ‘0045/25-26’ என்று ஏற்றியதும் தன் கணக்கில் ‘45’ என்று இருப்பதும் ஒரே பில்தானா என்று யோசிக்கும்போதே தலை நிறைந்துவிடும். அவரிடம் “நீங்களே செய்து பாருங்கள்” என்று ஒரு பயிற்சித்தாளை நீட்டினால் அவர் கற்பது மிகக் குறைவு.

இங்கே வேண்டியது தீர்த்துக்காட்டிய உதாரணங்கள். முதல் உதாரணத்தில் ஐந்து படியும் முழுதாகத் தீர்க்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரியோடு. இரண்டாவதில் கடைசிப் படி காலியாக இருக்கும், படிப்பவர் நிரப்ப வேண்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகள். இப்படிப் பின்னாலிருந்து கழித்துக்கொண்டே போய், ஆறாவது உதாரணத்தில் எல்லாம் அவர் கையில். ஒவ்வொன்றிலும் 12 பில்கள் போதும், அவற்றில் நாலு பொருந்தாதவையாக இருக்கட்டும். நூறு பில் கொடுத்தால் கண் வலிக்குமே தவிர கூடுதலாக ஒன்றும் ஏறாது.

வீடியோவுக்கு ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கொள்கைகள் கைக்கு அடக்கமான விதிகளைத் தருகின்றன. குரலில் சொல்வதையே திரையிலும் முழு வாக்கியமாக எழுதாதீர்கள். கண்ணும் காதும் ஒரே விஷயத்துக்காக மோதிக்கொள்ளும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, நம்மவர்களுக்கு அது முக்கியம். போர்ட்டலில் உள்ள பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், விளக்கம் தமிழில் ஓடும்போது அந்தப் பெயர் மட்டும் போர்ட்டலில் இருக்கும் எழுத்திலேயே திரையில் தெரிய வேண்டும். இல்லையென்றால் வீடியோவில் புரிந்தவர் போர்ட்டலில் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். குறிப்புகளைத் தனி பிடிஎஃப்பில் வைப்பதும் தவறு. செல்போனின் சின்னத் திரையில் இரண்டு ஜன்னலை ஒன்றாகப் பார்ப்பது கஷ்டம். ஸ்கிரீன்ஷாட்டின் மேலேயே அம்புக்குறியோடு எழுதுங்கள்.

நீளம்: குவோ, கிம், ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தின் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர் நிலைக்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. எனவே ஒரு படிக்கு ஒரு வீடியோ. இதில் இன்னொரு லாபமும் உண்டு. போர்ட்டல் மாறிக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்தபோது, சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்பது, மறுப்பது, நிறுத்திவைப்பது என்று 2பிக்கு முன்னால் புதிதாக ஒரு படி சேர்ந்தது. 40 நிமிட வீடியோவாக எடுத்து வைத்திருந்தால் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். ஐந்து துண்டுகளாக இருந்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

மறதிக்கும் இந்தப் பள்ளியே வழி சொல்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் நடத்திய சோதனையில் ஒரு குழு பாடத்தை மறுபடி படித்தது, இன்னொரு குழு பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழாகி 42க்கு 56 என்று ஆனது. வகுப்பு முடிந்ததும் வைக்கும் குவிஸில் வரும் நல்ல மதிப்பெண் ஏன் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு செபடா குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு உதவும். ஏழு நாள் கழித்து நினைவில் இருக்க வேண்டுமானால் ஒரு நாள் இடைவெளி சிறந்தது, 35 நாளுக்கு 11 நாள், 70 நாளுக்கும் 350 நாளுக்கும் 21 நாள். 3பி மாதம் ஒரு முறை வரும் வேலை. எனவே பாடத்துக்கு மறுநாள் ஒரு குவிஸ், 11ஆம் நாள் ஒன்று, 21ஆம் நாள் ஒன்று, ஒவ்வொன்றும் ஐந்து கேள்விகள். தயாரிக்க அரை நாள் போதும், பலன் பெரிது. பெரும்பாலான பயிற்சிகளில் இது இல்லாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

இதன் குறை: தெரிந்தவருக்கு இதே உதவி தொந்தரவாகிவிடும். கல்யுகா, ஸ்வெல்லர் முதலியோர் 2003இல் இதை அனுபவத் தலைகீழ் விளைவு என்று விவரித்தார்கள். பத்து வருடம் கணக்கு எழுதியவரை ஐந்து வீடியோவும் பார்க்கக் கட்டாயப்படுத்தினால் அவர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுவார். தொடக்கத்தில் எட்டுக் கேள்வி வைத்து, ஏழு சரியென்றால் நேராக ஆறாவது உதாரணத்துக்கு அனுப்புங்கள்.

கட்டமைப்புவாதம்: தானே புரிதலை உருவாக்கட்டும்

அறிவை ஊற்ற முடியாது, படிப்பவர் தன் முன்னறிவின் மேல் தானே கட்டிக்கொள்கிறார் என்பது பியாஜே, வைகாட்ஸ்கி வழிவந்த பார்வை. பயிற்சித் துறையில் இதற்கு மவுசு அதிகம். அதே அளவு தவறான பயன்பாடும் இருக்கிறது. புதியவர்களை வழிகாட்டாமல் கண்டுபிடிக்க விடுவது ஏன் பலிக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. 2பி ஒப்பீட்டை இப்படிக் கற்றுத்தர முயல்வது வீண்.

ஆனால் தப்பான நம்பிக்கையை உடைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை. ஒரு உதாரணம். கோவையில் பம்ப்செட் தயாரிப்பவருக்குப் பெங்களூரு நிறுவனம் ஒன்று ஆர்டர் கொடுக்கிறது. “பில்லை எங்கள் பெயரில் போடுங்கள், சரக்கைத் திருப்பூரில் உள்ள எங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள்” என்கிறது. சரக்கு தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. என்ன வரி?

பெரும்பாலோர் மனதில் ‘சரக்கு எல்லை தாண்டினால் ஐஜிஎஸ்டி’ என்ற விதி உட்கார்ந்திருக்கும். அதன்படி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்பார்கள். சட்டம் வேறு சொல்கிறது. ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10(1)(பி) பிரிவின்படி, யார் சொல்லிச் சரக்கு மூன்றாமவருக்குப் போகிறதோ அவரே அதைப் பெற்றதாகக் கருதப்படும். வழங்கல் நடந்த இடம் அவருடைய முதன்மை வணிக இடமான பெங்களூரு. எனவே ஐஜிஎஸ்டி. பெங்களூரு நிறுவனம் திருப்பூருக்குப் போடும் இரண்டாவது பில்லுக்கும் ஐஜிஎஸ்டிதான்.

இதை வீடியோவில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; அடுத்த பில்லில் பழைய விதியே வரும். மனு கபூர் ‘பலன் தரும் தோல்வி’ என்று பெயரிட்ட முறை இங்கே பொருந்துகிறது. முதலில் பிரச்சினை, பிறகு விளக்கம். 2008இல் அவர் வெளியிட்ட ஆய்வே இந்தியப் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு நடந்தது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: வழக்கை மட்டும் கொடுத்து, 15 நிமிடத்தில் வரியையும் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுதி அனுப்பிய பிறகே விளக்கம் திறக்க வேண்டும். மூடுலில் அணுகல் கட்டுப்பாட்டில் இதை அமைக்கலாம். விளக்கம் சட்டத்தில் தொடங்கக் கூடாது. அவர்கள் எழுதிய தவறான காரணத்தில் தொடங்கி, அது எந்தப் பில்லுக்குச் சரி, இந்தப் பில்லுக்கு ஏன் சரியில்லை என்று போக வேண்டும். கடைசியில் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். சரியான வரியை மறுபடி கட்ட வேண்டும், தவறாகக் கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு நிற்க வேண்டும். 

எடுக்கக் கூடாத கிரெடிட்டும் இப்படி வழக்காகக் கொடுக்க ஏற்றது. நிறுவனத்துக்கு வாங்கிய காருக்கும் சரக்கு வண்டிக்கும் என்ன வித்தியாசம், தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுத்த இனிப்புப் பெட்டிக்குக் கிரெடிட் உண்டா போன்றவை பட்டியலாகப் படித்தால் நிற்காது.

செலவுதான் இதன் பெரிய தடை. 200 பேர் எழுதியதை ஒருவர் தலைக்குப் பத்து நிமிடம் படித்தால் 33 மணி நேரம். ஒரு வழக்குக்கே இவ்வளவு. சக மாணவர் மதிப்பீடு பாதி தீர்வு. மூடுலின் வொர்க்‌ஷாப் இதற்கானதே. அதில் தானாக வரும் அமைப்பில் எழுதியதற்கு 80, பிறரை மதிப்பிட்டதற்கு 20 மதிப்பெண். ஆனால் மதிப்பீட்டு வரையறை ‘காரணம் தெளிவாக உள்ளதா’ என்று பொதுவாக இருந்தால், அதே தவறை நம்புபவர் அதற்கு முழு மதிப்பெண் போடுவார். ‘யார் ஆர்டர் கொடுத்தது என்று குறிப்பிட்டிருக்கிறாரா’, ‘அவருடைய மாநிலத்தை எழுதியிருக்கிறாரா’ என்று ஆம், இல்லை கேள்விகளாக உடையுங்கள். ஆறு வாரத்துக்கு நான்கு வழக்குக்கு மேல் வைக்காதீர்கள்.

இணைப்பியலும் குழுக் கற்றலும்

ஜார்ஜ் சீமென்ஸ் 2005இல் முன்வைத்த இணைப்பியல், அறிவு மனிதர்களுக்கும் மூலங்களுக்கும் இடையிலான வலையில் இருக்கிறது என்கிறது. அவரும் ஸ்டீஃபன் டவுன்ஸும் 2008இல் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாக நடத்திய வகுப்பில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். பெருந்திரள் இணைய வகுப்புகளின் தொடக்கங்களில் அது ஒன்று.

அடிப்படையே தெரியாதவருக்கு இது உதவாது. எது நம்பத்தக்க மூலம் என்று பிரித்துப் பார்க்கும் திறன் இருந்தால்தான் வலை பயன்படும். ஆனால் பயிற்சி முடிந்த பிறகு இதற்கு ஈடில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5க்கும் 18க்கும் நகர்ந்தன. பயிற்சியை அதற்கு முன் முடித்தவருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு குழு வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் கெடுகிறது. 19ஆம் தேதி இரவு கேள்விகள் குவியும், முதலில் வந்த பதிலை எல்லோரும் நம்புவார்கள், அது தவறாக இருந்தால் ஐம்பது 3பியில் ஏறிவிடும். அறிவிப்பு எண்ணோ சுற்றறிக்கை எண்ணோ இல்லாத பதில் சரிபார்த்ததாகக் கருதப்படாது என்ற ஒரே விதியை முதல் நாளே வையுங்கள். 15 முதல் 20ஆம் தேதி வரை தினம் அரை மணி நேரம் பொறுப்பான ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க முடியாதென்றால் குழுவே வேண்டாம்.

எதை எடுப்பது

என் தேர்வு: அறிதிறன் கோட்பாடு முதுகெலும்பாக இருக்கட்டும். மொத்தம் 12 மணி நேரப் பயிற்சியானால் அதற்கு ஆறு மணி நேரம், வழக்குகளுக்கு மூன்றரை, குவிஸ் பயிற்சிக்கு இரண்டு, மீதி அரை மணி குழுவை அறிமுகப்படுத்த. படிப்பவர்கள் எல்லோரும் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் என்றால் முதலிரண்டையும் இடம் மாற்றிவிடுவேன். 

தயாரிக்க ஒரே ஆள், இரண்டு வாரம்தான் என்றால் குழுவை விட்டுவிடுங்கள், வழக்குகளை இரண்டாகக் குறையுங்கள். 1ஆம், 11ஆம், 21ஆம் நாள் குவிஸில் மட்டும் கை வைக்காதீர்கள். வீடியோவின் பின்னணி இசை, அனிமேஷன், பேட்ஜ் எல்லாவற்றையும் தாராளமாக வெட்டலாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆளுக்கொரு வடிவம் தயாரிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆளுக்கேற்ற பாணியில் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பேஷ்லர் குழு 2008லேயே அலசிச் சொல்லிவிட்டது.

தேர்வு சரியா என்பதை முடிவுநாள் மதிப்பெண்ணிலோ ‘வகுப்பு பிடித்திருந்ததா’ படிவத்திலோ பார்க்க முடியாது. பயிற்சிக்கு முந்திய மாதமும், முடிந்து இரண்டாவது மாதமும், ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் 20 பில்களையும் ஒரு 3பியையும் வாங்கிப் பாருங்கள். தவறான வரித்தலைப்பு (ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போன்றவை) எத்தனை, பொருந்தாமல் விட்ட பில் எத்தனை, எடுக்கக் கூடாத கிரெடிட் எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். வரித்தலைப்புத் தவறு சாதாரண விற்பனைகளில் வந்தால் குவிஸைக் கூட்டுங்கள். வேறிடத்துக்கு அனுப்பச் சொல்லும் பில்களில் மட்டும் வந்தால் வழக்கை மாற்றி எழுதுங்கள். பொருந்தாத பில்கள் குறையவில்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது உதாரணங்களுக்கு நடுவே இன்னும் ஒரு படி தேவைப்படுகிறது.